கண்ணுக்கும் ஒரு கல்வி



எழுத்தைப் படிப்பதற்குப் பள்ளி உண்டு. பாட்டைப் பாடுவதற்கு ஆசான் உண்டு. ஆனால் பார்ப்பதற்குக் கற்றுத் தருவார் யார்? கண் திறந்திருந்தாற் போதும், பார்வை தானே வந்துவிடும் என்று நாம் எண்ணிவிடுகிறோம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியத் தொழில் புரிந்த நானும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தேன். அது பிழை என்பதை எனக்கு உணர்த்தியது ஒரு சிறிய புகைப்படம். அதைக் குறித்தும், ஒரு படத்தை எவ்வாறு சுவைப்பது என்பதைக் குறித்தும் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

எங்கள் ஊர் திருச்செங்கோடு. செந்நிற மலை என்பதே அப்பெயரின் பொருள். மலைமேல் அர்த்தநாரீசுவரர் எழுந்தருளியிருக்கிறார். ஒரே திருமேனியில் வலப்பாதி ஆண், இடப்பாதி பெண். படியேறிச் செல்லும் வழியில், பாறையிலேயே செதுக்கிய ஐந்தலை நாகம் ஒன்று கிடக்கிறது. நீளம் அறுபது அடி என்பர். நாள்தோறும் அன்பர்கள் அதன்மேல் மஞ்சளும் குங்குமமும் தூவிச் செல்கின்றனர். சிறுவயது முதல் நானும் எத்தனையோ முறை அதனைக் கடந்து சென்றிருக்கிறேன். கடந்து சென்றேனே அன்றிக் கண்டேனில்லை.

நான் உதவி ஆசிரியனாகப் பணியேற்ற புதிதில், மாணவன் ஒருவன் தன் மாமனிடம் ஆக்பா கிளிக் காமிராவை இரவல் வாங்கி அந்நாகத்தைப் படம் பிடித்து வந்தான். அக்காமிராவில் ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படங்களே எடுக்கலாம். அவற்றுள் ஒன்றை இதற்கென அவன் செலவிட்டிருந்தான். சதுரமான கறுப்பு வெள்ளைப் படம். சாய்ந்த வெயிலில் நாகத்தின் உடல் வளைந்து மேலேறுகிறது. ஓரத்தில், மஞ்சள் பூசும் ஒரு மூதாட்டியின் கை மட்டும் தெரிகிறது, முகம் இல்லை. நான் அதை வாங்கிப் பார்த்து, "முகமே விழாத படம் ஒரு படமா? காசைக் கரியாக்கினாயே, தம்பி!" என்றேன். அவன் ஒன்றும் மறுமொழி கூறவில்லை. படத்தை என் மேசைமீதே விட்டுச் சென்றான்.

பல்லாண்டுகள் கழிந்தபின் பழைய புத்தகம் ஒன்றினுள் அப்படம் கிடைத்தது. அதற்குள் கலை நூல்கள் சிலவற்றை நான் படித்திருந்தேன். அவற்றுள் லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயர் எடுத்த படங்களும் இருந்தன. 1822இல் பிறந்து 1902இல் மறைந்தவர் அவர். கம்பெனிப் படையில் அதிகாரி. 1856இல் சென்னை அரசாங்கம் அவரைத் தன் புகைப்படக்காரராக அமர்த்தியது. 1857 இறுதியிற் புறப்பட்டு, மறு ஆண்டில் ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சை முதலிய இடங்களைப் படமாக்கினார். அன்றைய சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த இராயக்கோட்டையும் அவர் காமிராவிற்குத் தப்பவில்லை.

அக்காலத்தில் படம் எடுப்பது எளிதன்று. மெழுகு ஊட்டிய பெரிய தாளில் வெள்ளி உப்பைப் பூசி, பெருங் காமிராவினுள் வைத்து, நெடுநேரம் ஒளி படவிட வேண்டும். அசைபவர் உருவம் கலைந்து போகும். அசையாத கல்லே தெளிவாக விழும். ஆகவே அவர் படங்களில் மாந்தர் அரியர். தஞ்சைப் பெரிய கோயிலின் அடிப்பகுதியில் உள்ள கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளமுள்ள ஒரே படமாக அமைத்தார். அதைப் பார்ப்பவன் கோயிலைச் சுற்றி நடப்பது போன்ற உணர்வை அடைகிறான். இத்தகைய முயற்சியை ஆடம்பரச் செலவு என்று கருதி ஆளுநர் டிரெவிலியன் நிறுத்திவிட்டார். காசைக் கரியாக்கினாய் என்று சொன்னவன் நான் ஒருவன் மட்டும் அல்லன் போலும்!

இனி, படத்தைப் பார்க்கும் முறைக்கு வருவோம். நான்கு வினாக்களை நினைவிற் கொள்ளுங்கள். ஒளி எங்கிருந்து வருகிறது? படம் எடுத்தவர் எங்கே நின்றார்? எதை உள்ளே வைத்தார்? எதை வெளியே விட்டார்? இந்நான்கனுள் கடைசி வினாவே மிகவும் இன்றியமையாதது. அம்மாணவனின் படத்தை இவ்வினாக்களோடு மீண்டும் நோக்கினேன். உச்சி வெயிலாயின் பாறை தட்டையாகத் தெரிந்திருக்கும். சாய்ந்த வெயில் ஆதலால் உளிபட்ட ஒவ்வொரு வளைவும் நிழலோடு எழுந்து நின்றது. அவன் தாழக் குனிந்து எடுத்திருந்தான். ஆகவே நாகம் மலையையே ஏறுவதுபோல் தோன்றியது. முகத்தை வெளியே விட்டதனால் அந்தக் கை ஒரு பாட்டியின் கையாக மட்டும் நில்லாமல், தலைமுறை தலைமுறையாக அங்கு மஞ்சள் பூசிய அத்தனை பேரின் கையாகவும் ஆயிற்று. நான் குறை என்று கண்டதே அப்படத்தின் உயிர்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். டிரைப்பின் காலத்துத் தாளில் வானம் வெறுமையாகவே விழும். ஆதலின் அவர் சில படங்களில் மூலத்தாளின்மேல் வண்ணம் தீட்டி மேகங்களை உண்டாக்கினார். அது பொய்யா? அழகுக்காகச் செய்தது எனலாம். ஆயினும் அந்த மேகத்தைக் கொண்டு அன்றைய வானிலையை ஒருவன் அறிய முயன்றால் ஏமாந்து போவான். இன்றோ கைப்பேசி இல்லாத வீடு அரிது. நிகழாததை நிகழ்ந்ததாகக் காட்டும் படத்தை இயந்திரமே நொடியில் ஆக்கித் தருகிறது. எங்கள் மலையில் அறுபதாம் படி என்று ஓரிடம் உண்டு. அங்கு நின்று ஒருவன் சத்தியம் செய்தால் வழக்குத் தீர்ந்தது என்று முன்னோர் கொண்டனர். படம் எடுப்பவனுக்கும், அதைப் பிறருக்கு அனுப்புபவனுக்கும் அத்தகைய படி ஒன்று உள்ளத்தில் இருத்தல் வேண்டும்.

ஆண்பாதி பெண்பாதியாகிய திருவுருவின் ஒரு பக்கத்தை மட்டும் கண்டவன் முழுமையைக் கண்டவன் ஆகான். படமும் அத்தகையதே. ஆகவே ஒரு படத்தை நொடியிற் கடந்து விடாதீர்கள். ஐந்து நிமிடம் அதனோடு இருங்கள். நாளொன்றுக்கு நூறு படம் எடுப்பதை விடுத்து, உங்களிடம் பன்னிரண்டே உள்ளன என்று எண்ணி எடுத்துப் பாருங்கள்.

அம்மாணவன் பின்னர் எங்கள் ஊரார் பலரையும் போல ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டியோடு வடநாடு சென்றுவிட்டான். அதன்பின் அவன் காமிராவைத் தொட்டானா என்பதை நான் அறியேன். அப்படம் மட்டும் என் மேசைக் கண்ணாடியின் கீழ் இருக்கிறது. அவன் என்றேனும் வருவானாயின், நான்கு வினாக்களையும் கேட்ட பின்னரே தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பதை அவனிடமிருந்து கற்றேன் என்று அவனிடமே சொல்லக் காத்திருக்கிறேன்.