இடிபட்ட இலையில் நடப்பது என்ன?

ஒரு வெள்ளைப்பூண்டுப் பல்லைத் தோலுரித்து, நசுக்காமல் முகர்ந்து பாருங்கள். நெடி அதிகம் இராது. அதையே அம்மியில் வைத்து ஒரு தட்டுத் தட்டுங்கள். சில நொடிகளில் சமையலறை முழுவதும் பூண்டு நெடி பரவும். உள்ளே அடைபட்டிருந்த நெடி வெளிவந்தது என்றுதான் நாம் நினைப்போம். உண்மையில், நசுக்கிய பிறகே அந்த நெடி பிறக்கிறது.

பூண்டின் திசுக்களில் அல்லியின் என்ற பொருள் ஓரிடத்திலும், அல்லினேஸ் என்ற நொதி வேறோரிடத்திலும் பிரித்து வைக்கப்பட்டுள்ளன. பல் முழுதாக இருக்கும்வரை இரண்டும் சந்திப்பதில்லை. நசுக்கும்போது இடைச்சுவர்கள் உடைந்து அவை கலக்கின்றன. அல்லிசின் என்ற புதிய பொருள் உண்டாகிறது. நெடிக்கும் காரத்துக்கும் அதுவே மூலம். அமெரிக்காவில் காவலிட்டோ என்ற வேதியியலார் 1944இல் அல்லிசினைப் பிரித்தெடுத்தார். அது எதிலிருந்து பிறக்கிறது என்பது சில ஆண்டுகளுக்குப் பின்னர், சுவிட்சர்லாந்தில் ஸ்டோல், சீபெக் ஆகிய இருவர் செய்த ஆய்வில் தெளிவாயிற்று.

பூண்டில் இந்தச் சந்திப்பு நமக்கு வேண்டியது. பச்சை இலையை அரைக்கும்போதோ இதே போன்ற வேறொரு சந்திப்பு நிகழ்கிறது. அது நமக்கு வேண்டாதது. இரண்டும் ஒரே உரலில் நடைபெறும் பண்டம் ஒன்று உண்டு. இத்தாலியின் வடமேற்குக் கடற்கரையில் உள்ள ஜெனோவா நகரின் பெஸ்ட்டோ என்ற பச்சை விழுதுதான் அது.

பெஸ்ட்டோ என்ற சொல்லுக்கு மூலம் 'இடித்தல்' என்று பொருள்படும் இத்தாலியச் சொல். பேசில் இலை, பூண்டு, பைன் விதை, இருவகைப் பாலாடைக்கட்டி, ஆலிவ் எண்ணெய், கல் உப்பு ஆகிய ஏழும் சேர்ந்தது இது. வேகவைத்த பாஸ்தாவுடன் கலந்து உண்பார்கள். அடுப்பில் ஏற்றாமல் பச்சையாகவே செய்யப்படுவது இதன் சிறப்பு, தொல்லையும் அதுவே.

பேசில் நமக்கு அந்நியச் செடியன்று. நாம் திருநீற்றுப்பச்சிலை என்று சொல்லும் அதே இனம். ஃபலூடாவில் வழுவழுவென்று மிதக்கும் சப்ஜா விதை இச்செடியின் விதைதான். துளசியும் இதற்கு நெருங்கிய உறவு. ஆனால் ஒரே இனத்துக்குள்ளேயே மணம் மிகவும் வேறுபடும். ஜெனோவா வகையில் லினலூல், யூஜினால் போன்ற பொருள்கள் மிகுதி. யூஜினால்தான் கிராம்புக்கும் மணம் தருவது. ஆசிய வகைகள் பலவற்றில் சோம்பு வாசனை தூக்கலாக இருக்கும். ஜெனோவா நகரின் பிரா என்ற பகுதியில் இச்செடியைக் கண்ணாடிக் கூடங்களில் வளர்த்து, இளஞ்செடியாக இருக்கும்போதே வேருடன் பறித்துவிடுகிறார்கள். அப்பகுதிப் பேசிலுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் பெயர்க் காப்புரிமை அளித்தது.

இலையை ஓர் உருப்பெருக்கியில் பார்த்தால் அதன் மேற்பரப்பில் நுண்ணிய முத்துகள் போன்ற சுரப்பிகள் தெரியும். மண எண்ணெய் இருப்பது அவற்றில்தான். இலையை விரலால் தேய்த்தாலே சுரப்பிகள் உடைந்து மணம் பறந்துவிடும். ஆகவே இலைகளைக் குளிர்ந்த நீரில் மெதுவாக அலசி, துணியில் பரப்பி உலர்த்த வேண்டுமே தவிர, கசக்கித் துடைக்கக் கூடாது.

இனி, வேண்டாத சந்திப்புக்கு வருவோம். இலையின் செல்களில் உள்ள சாற்றுப் பையில் பீனால் வகைச் சேர்மங்கள் கரைந்திருக்கின்றன. பாலிபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி பசுங்கணிகங்களுக்குள் தனியே உள்ளது. செல் உடைந்ததும் இரண்டும் கலக்கின்றன. காற்றிலுள்ள ஆக்சிஜனும் உடன் சேர்கிறது. விளைவு, பழுப்பு நிறப் பொருள்கள். வெட்டிய ஆப்பிளும் வாழைக்காயும் கறுப்பதும் இதனால்தான். இதற்குமேல் இன்னொரு சேதமும் உண்டு. பச்சையத்தின் மூலக்கூறு நடுவில் ஒரு மக்னீசியம் அணு அமர்ந்திருக்கிறது. அமிலம் பட்டால் அது வெளியேறி, அவ்விடத்தை ஹைட்ரஜன் பிடித்துக்கொள்கிறது. பச்சையம் பியோபைட்டின் என்ற மங்கிய பழுப்புப் பொருளாகிறது. வெப்பம் இதை விரைவுபடுத்தும்.

ஆக, நமக்கு எதிரிகள் மூவர்: நொதி, காற்று, வெப்பம். உரலா, மிக்ஸியா என்ற வழக்கை இந்த மூவரை வைத்தே தீர்க்கலாம்.

மிக்ஸியின் திறன் 500 வாட் என்று கொள்வோம். ஒரு நிமிடம் ஓடினால் அது செலவிடும் ஆற்றல் 30,000 ஜூல். இதில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே விழுதில் வெப்பமாகச் சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி மோட்டாரில் போகட்டும். விழுதின் எடை 250 கிராம். ஒரு கிராமை 1° செ. சூடேற்ற ஏறத்தாழ 2.5 ஜூல் வேண்டும். 10,000ஐ 625ஆல் வகுத்தால் 16 வருகிறது. 30° செ. வெப்பநிலையில் இருந்த இலை ஒரே நிமிடத்தில் 46° செ. ஆகிவிடுகிறது! தோராயக் கணக்குதான்; எனினும் அரைத்து முடித்த ஜாடியைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இராது. வெப்பநிலை 10° ஏறினால், நொதி சிதையாத வரையில், வினையின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும். போதாக்குறைக்கு, சுழலும் கத்தி ஒரு சுழியை உண்டாக்கிக் காற்றை உள்ளே இழுத்து, குமிழ்களாக விழுதெங்கும் கலக்கிவிடுகிறது.

ஜெனோவாவின் பளிங்கு உரலில் மரக் குழவியால் அரைக்கும்போது கையின் வேலை மெதுவாக நடக்கிறது. கனத்த கல் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. காற்றும் அவ்வளவாக உள்ளே புகுவதில்லை. வேறொரு வேறுபாடும் உண்டு: கத்தி இலையைச் சிறு துண்டுகளாக நறுக்குகிறது, துண்டுகளின் உள்ளே பல செல்கள் உடையாமலே இருக்கும். உரலுக்கும் குழவிக்கும் இடையே நசுங்கும் இலை முற்றிலும் கிழிகிறது. மணம் நன்றாக இறங்குகிறது. நமது அம்மிக்கும் இதுவே பொருந்தும். எஃகுக் கத்தி பட்டதால்தான் இலை கறுக்கிறது என்று சிலர் சொல்வார்கள். துருப்பிடிக்காத எஃகைப் பற்றி அப்படிச் சொல்வது வீண் பழி.

மிக்ஸிதான் உண்டு என்றால் அதையும் சொல்கிறேன். ஜாடியையும் எண்ணெயையும் முன்கூட்டியே குளிரவையுங்கள். நிறுத்தி நிறுத்தி, சில நொடிகளே ஓட்டுங்கள். அல்லது இலைகளைக் கொதிநீரில் பத்து நொடி முக்கி, உடனே பனிக்கட்டி நீரில் போட்டு, நீரைப் பிழிந்துவிட்டு அரையுங்கள். அந்தப் பத்து நொடியில் நொதி பெரும்பாலும் செயலிழந்துவிடுகிறது, பச்சையம் பிழைக்கிறது. நிறம் பல மணி நேரம் நிற்கும். மணத்தில் சிறிது குறையும். நிறமா, மணமா என்று கேட்டால் நான் மணத்தின் பக்கம்.

அளவுகளைச் சொல்லிவிடுகிறேன். இலை 60 கிராம், பூண்டு இரண்டு பல், பைன் விதை 30 கிராம், பார்மிஜானோ என்ற பசும்பால் கட்டி 50 கிராம், பெக்கோரினோ என்ற ஆட்டுப்பால் கட்டி 30 கிராம், எண்ணெய் 60 முதல் 80 மில்லி வரை. முதலில் பூண்டையும் சிறிது கல் உப்பையும் அரைக்க வேண்டும். உப்புப் பரல்கள் மணலைப் போல் உராய்ந்து அரைக்க உதவுகின்றன. பின்பு விதை, பின்பு இலையைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, குழவியை ஓங்கிக் குத்தாமல் உரலின் சுவரோடு சுழற்றித் தேய்க்க வேண்டும். துருவிய கட்டியைச் சேர்த்து, இறுதியில் எண்ணெயை மெல்லிய தாரையாக விட்டுக் கலக்கவேண்டும். எண்ணெய் இலைத் துணுக்குகளைப் போர்த்திக் காற்று படுவதைக் குறைக்கிறது. பைன் விதை கிடைக்காவிட்டால் வால்நட் பருப்பு போதும். சைவ உணவினர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பார்மிஜானோ கட்டியின் பாலை உறையவைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளைப் பயன்படுத்துகிறார்கள்.

மீந்ததை என்ன செய்வது? இங்கேதான் மிகுந்த கவனம் வேண்டும். புட்டியில் அடைத்து, மேலே எண்ணெய் ஊற்றிவிட்டால் அலமாரியில் பல நாள் இருக்கும் என்று எண்ணுவது ஆபத்து. கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் மண்ணில் உள்ளவை. மண்ணில் விளையும் பூண்டிலும் இலையிலும் ஒட்டி வரக்கூடியவை. கொதிநீரின் 100° செ. வெப்பத்தையும் அவை தாங்கும். காற்று பட்டால் முளைக்காத அவை, எண்ணெய்க்கு அடியில் காற்றற்ற இடம் கிடைத்தால் அறை வெப்பநிலையில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். மூடியைத் திறந்தால் கெட்ட நாற்றம் இராமலே போகலாம், சுவையும் மாறாதிருக்கலாம். இமை தொங்குதல், பொருள் இரண்டாகத் தெரிதல், விழுங்க முடியாமை என்று தொடங்கி, மூச்சுத் தசைகள் வரை செயலிழக்கும் நோய் அது. இத்தகைய குறி தெரிந்தால் ஒரு மணி நேரமும் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இது வெறும் அச்சுறுத்தலன்று. 1985இல் கனடாவின் வான்கூவர் நகரில், அறை வெப்பநிலையில் வைத்திருந்த எண்ணெய்ப் பூண்டினால் 36 பேர் நோயுற்றனர். நோய் இன்னதென்று கண்டுபிடிப்பதே வாரக்கணக்கில் தாமதமாயிற்று. 2024 செப்டம்பரில் பிரான்சில், காட்டுப் பூண்டு இலையில் செய்து கண்ணாடிப் புட்டிகளில் அடைத்த பெஸ்ட்டோவை உண்ட சிலர் கடுமையான நிலையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர்.

"ஊறுகாயும் எண்ணெயில்தானே கிடக்கிறது?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. எலுமிச்சை ஊறுகாயிலும் மாங்காய் ஊறுகாயிலும் அமிலமும் உப்பும் மிகுதி. பி.எச். அளவு 4.6க்குக் கீழே இருந்தால் இந்தப் பாக்டீரியா வளராது. பெஸ்ட்டோவில் அத்தகைய காவல் இல்லை. எலுமிச்சைச் சாறு நாலு சொட்டுப் பிழிவதால் அந்த எல்லைக்குள் வந்துவிட்டது என்று கொள்ள முடியாது. அமிலம் பச்சையத்தைக் கெடுப்பதையும் முன்னரே பார்த்தோம். பளிங்கு உரலில் பிழிந்தால் கல்லும் அரிக்கும். பளிங்கு என்பது கால்சியம் கார்பனேட்தானே!

ஆகவே, குளிர்பெட்டியில் 4° செ. அளவில் வைத்து மூன்று நான்கு நாள்களுக்குள் தீர்த்துவிடுங்கள். அதற்கு மேல் வேண்டுமானால், பனிக்கட்டித் தட்டின் குழிகளில் நிரப்பி உறையவையுங்கள். உறைநிலையில் வித்துகள் சாவதில்லை, ஆனால் முளைப்பதுமில்லை. எனவே எடுத்ததை மேசைமீது வைத்து உருகவிடாமல் குளிர்பெட்டியிலேயே உருகவிடவேண்டும். அரைக்காத பேசில் இலைக்கு மட்டும் விதி தலைகீழ். ஏறத்தாழ 10° செ.க்குக் கீழே போனால் அது குளிரால் புண்பட்டுக் கறுக்கும். தண்டோடு ஒரு டம்ளர் நீரில் நிறுத்தி வெளியிலேயே வைப்பது நல்லது.

பரிமாறும்போதும் விழுதைச் சட்டியில் இட்டுச் சூடாக்க வேண்டாம். லிகூரியா வட்டாரத்தார் பாஸ்தாவோடு உருளைக்கிழங்கையும் பச்சை பீன்ஸையும் அதே நீரில் வேகவைத்து வடிக்கிறார்கள். வடித்த நீரில் இரண்டு கரண்டி எடுத்துப் பெஸ்ட்டோவை நெகிழ்த்தி, அடுப்பை அணைத்த பின்பே கலக்கிறார்கள். அந்த நீரில் கரைந்துள்ள மாவுச்சத்து, எண்ணெயும் நீரும் பிரியாமல் பிடித்து வைக்கிறது.