கணினிக்குள் ஓடும் நீர்: மென்குழாய் பொருத்துவதில் கவனிக்க வேண்டியவை

மைசூரு: கோடையில் மைசூருவின் பகல் வெப்பநிலை 35 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது, விளையாட்டு, காணொலித் தொகுப்பு போன்ற கடும் பணிகளுக்கான கணினிகளில் விசிறிகள் முழு வேகத்தில் இரைச்சலுடன் சுழல்கின்றன. இதற்குத் தீர்வாகக் கணினிக்குள் நீர் சுழலும் அமைப்பைச் சிலர் தாங்களே உருவாக்கிக் கொள்கின்றனர். இணைப்பு ஒன்றில் நீர் கசிந்தாலும் விலை உயர்ந்த பாகங்கள் பழுதாகலாம் என்பதால், குழாய் பொருத்துவதே இப்பணியின் முக்கியக் கட்டமாகும்.

நீர் எதற்கு?

ஒரே கன அளவில், ஒரே அளவு வெப்பநிலை உயர்வுக்கு, காற்றைவிட நீர் சுமார் 3,500 மடங்கு வெப்பத்தை ஏற்கும். செயலியின் மேலுள்ள உலோகக் கட்டியில் வெப்பத்தைப் பெறும் நீர், ரேடியேட்டரில் ஆறி மீண்டும் திரும்புகிறது. ஆனால், அறைக் காற்றின் வெப்பநிலைக்குக் கீழே இந்நீர் குளிராது.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 2022-இல் நிறுவப்பட்ட 3.3 பெட்டாஃபிளாப் திறன் கொண்ட 'பரம் பிரவேகா' மீக்கணினியும் திரவக் குளிர்விப்பு முறையைச் சேர்ந்ததே.

அளவும் வெட்டும்

மென்குழாய்கள் இரண்டு எண்களால் குறிக்கப்படுகின்றன. 10/16 என்றால் உள்விட்டம் 10 மி.மீ., வெளிவிட்டம் 16 மி.மீ. ஆகும். இணைப்பானும் அதே அளவில் இருத்தல் வேண்டும். 10/13 இணைப்பானில் 10/16 குழாய் பொருந்தாது. தடித்த சுவருடைய குழாய் வளைவுகளில் எளிதில் மடிந்து நீரோட்டத்தைத் தடுக்காது.

குழாயைத் தேவையைவிடச் சற்று நீளமாக அளந்து, கூரிய கத்தியால் நேராக வெட்ட வேண்டும். முனை சாய்வாக இருந்தால் இணைப்பானின் அடிப்பகுதியில் முழுமையாகப் பதியாது.

முதலில் இணைப்பானின் திருகு வளையத்தைக் குழாயில் நுழைத்துவிட வேண்டும். பலர் மறப்பது இதைத்தான். பின்னர் குழாயை இணைப்பானின் முனையில் அடிவரை அழுத்தி, வளையத்தைக் கையால் இறுக்க வேண்டும். குழாய் நுழைய மறுத்தால், அதன் முனையைச் சிறிது நேரம் வெந்நீரில் நனைத்தால் இளகும். இணைப்பானைக் கருவியால் மிகையாக முறுக்கினால் ரப்பர் வளையம் நசுங்கி, அதுவே கசிவுக்குக் காரணமாகலாம்.

கசிவுச் சோதனை

நீர் நிரப்பியவுடன் கணினியை இயக்கக் கூடாது. மதர்போர்டு உள்ளிட்ட பாகங்களுக்கு மின் இணைப்பு தராமல், பம்பை மட்டும் தனியாக இயக்க வேண்டும். ஒவ்வொரு இணைப்பின் கீழும் காகிதக் கைக்குட்டையை வைத்துச் சில மணி நேரம் கண்காணித்தால், சிறு ஈரமும் தெரிந்துவிடும். நீரின்றிப் பம்பை ஓடவிட்டால் அது பழுதாகும்; ஆகவே தொட்டியில் நீர் குறையும்போதெல்லாம் பம்பை நிறுத்தி நிரப்ப வேண்டும்.

எந்த நீர்?

மைசூருக்குக் காவிரி, கபினி ஆறுகளிலிருந்து குடிநீர் வருகிறது. அது குடிக்க ஏற்றதாயினும், அதில் கரைந்துள்ள தாதுக்கள் உலோகக் கட்டியின் நுண்ணிய பள்ளங்களில் படியக்கூடும். ஆழ்துளைக் கிணற்று நீரில் இச்சிக்கல் பெரும்பாலும் கூடுதல். எனவே, காய்ச்சி வடித்த நீருடன் பாசியையும் அரிப்பையும் தடுக்கும் கலவையைச் சேர்த்தோ, இதற்கென விற்கப்படும் திரவத்தையோ பயன்படுத்த வேண்டும். செம்புக் கட்டியுடன் அலுமினிய ரேடியேட்டரை இணைத்தால் மின்வேதி அரிப்பு ஏற்படும் என்பதால் அதையும் தவிர்க்க வேண்டும்.

ஒளிபுகும் பிவிசி குழாய்கள் நாளடைவில் மங்கலாகின்றன. ஆண்டுக்கு ஒருமுறை நீரை மாற்றும்போது குழாய்களையும் இணைப்புகளையும் பரிசோதிப்பது நல்லது. இறுகிப்போன, நிறம் மாறிய குழாய்களை அப்போதே மாற்றிவிட்டு, கசிவுச் சோதனையை மீண்டும் செய்த பிறகே கணினிக்கு மின்சாரம் தர வேண்டும்.