மறைவழிச் சுரங்கமும் வழிப்பட்டியலும்

பயனாளிகளின் வங்கிக் கணக்கு எண்களும் ஊராட்சியின் வரவு செலவுகளும் இன்று கணிப்பொறி வாயிலாகவே வெளியூர் செல்கின்றன. பொது இணையத்தில் செல்லும் இவற்றைப் பிறர் காணாவண்ணம் காப்பதற்கு அமைக்கப்படுவதே வி.பி.என். என்னும் மறைவழிச் சுரங்கம். திரையில் அதன் இணைப்புச் சின்னம் தோன்றிவிட்டால் அனைத்தும் காப்புடன் செல்வதாக நாம் எண்ணிவிடுகிறோம். அஃது எப்பொழுதும் உண்மையன்று. அதன் காரணத்தை இங்குக் காண்போம்.

கணிப்பொறி அனுப்பும் செய்தி சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிந்து செல்லும். ஒவ்வொன்றிலும் அனுப்புநர், பெறுநர் முகவரிகள் உண்டு. சுரங்கத்தில் நுழையும் பொட்டலம், முகவரியோடு சேர்த்து மறைகுறியாக்கப்பட்டு, வேறோர் உறையில் இடப்படுகிறது. மேலுறையில் சுரங்கத்தின் இரு முனைகளின் முகவரிகளே காணப்படும். இடையிலுள்ள ரௌட்டர்கள் அதைக் கண்டு வழியனுப்புமேயன்றி உள்ளிருப்பதை அறியா. மறுமுனையில் உறை பிரிக்கப்பட்டு, உள்முகவரிப்படி பொட்டலம் உரிய இடம் சேர்கிறது.

ஆனால், எப்பொட்டலம் சுரங்கத்தில் நுழைய வேண்டும் என்பதை முடிவு செய்வது மறைகுறியாக்கம் அன்று, கணிப்பொறியிலுள்ள வழிப்பட்டியலே. வாய்க்கால் எத்துணைச் செம்மையாக இருப்பினும் மடை திறந்த பக்கந்தானே நீர் பாயும்? 10.8.0.0 முதல் 10.8.0.255 வரையுள்ள 256 முகவரிகள் மட்டும் சுரங்கத்திற்கு உரியவை என எழுதப்பட்டிருந்தால், ஏனைய முகவரிகளுக்கான பொட்டலங்கள் வெளிவழியே செல்லும். ஒரு முகவரிக்கு இரு விதிகள் பொருந்தினால், குறைந்த முகவரிகளைக் குறிக்கும் விதியே செல்லுபடியாகும்.

அனைத்தையும் சுரங்கத்தில் விடுவதாயினும், மறுமுனையின் முகவரிக்கு மட்டும் வெளிவழி ஒன்று வேண்டும். இல்லையேல் மேலுறையும் சுரங்கத்திற்குள்ளேயே திருப்பப்பட்டு, எச்செய்தியும் வெளியேறாது.

2020-ஆம் ஆண்டில் லினக்ஸ் கருநிரலின் 5.6-ஆம் பதிப்பில் சேர்க்கப்பட்ட வயர்கார்டு முறை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதில் ஒவ்வொரு முனையின் திறவுகோலோடும் அம்முனைக்கு உரிய முகவரிகள் பதியப்படுகின்றன. செல்லும் பொட்டலத்தை எத்திறவுகோலால் பூட்டுவது என்பதை அப்பதிவே காட்டும். வரும் பொட்டலத்தின் அனுப்புநர் முகவரி அப்பதிவில் இல்லையெனில், அது தள்ளப்படும்.

திரும்பும் வழியும் இன்றியமையாதது. மறுமுனைக்கு அப்பாலுள்ள கணிப்பொறி, விடையை எவ்வழியே விடுவது என அறியாவிடில், நம் கேள்வி போய்ச் சேரும். விடை வந்து சேராது. சுரங்கம் பழுது என்று நாம் வீணே குறை கூறுவோம்.

ஊராட்சி உறுப்பினர்கள் இவற்றைத் தாமே அமைக்க வேண்டுவதில்லை. ஆயினும் அமைப்பவரிடம் மூன்று வினாக்களை அவசியம் கேட்க வேண்டும். எம்முகவரிகள் சுரங்கத்தில் செல்கின்றன? விடை திரும்பும் வழி எழுதப்பட்டுள்ளதா? சுரங்கம் அறுந்தால் செய்தி நின்றுவிடுமா, அன்றி வெளிவழியே ஓடிவிடுமா?

மூன்றாம் வினாவிற்கு விடை தெரியும்வரை மக்களின் கணக்கு விவரங்களை அவ்வழியே அனுப்பாதிருத்தல் நலம். அவை நம்மை நம்பி மக்கள் ஒப்படைத்தவை அல்லவா?