கீழ்க்காய்நெல்லியும் மருந்தினால் ஈரலுக்கு நேரும் கேடும்

கடலுக்கும் மட்டக்களப்பு வாவிக்கும் இடைப்பட்ட களுதாவளையின் மணற்றரையில், வெற்றிலைக்கும் மிளகாய்க்கும் நீரிறைக்கும் இடமெல்லாம் கீழ்க்காய்நெல்லி தானே முளைக்கின்றது. இலைகளின் கீழே வரிசையாகக் காய் தொங்கும் இச்சிறு பூண்டைக் களையென்று பிடுங்குவோருமுளர். செங்கமாரிக்கு அரைத்துக் குடிப்போருமுளர். மாத்திரைகளால் ஈரலுக்கு நேரும் கேட்டையும் இது மாற்றுமா என்பதைக் கமக்காரர் அறிந்திருத்தல் நன்று.

காய்ச்சலுக்கு உட்கொள்ளும் பரசிற்றமோல் அளவோடு எடுப்பின் பொதுவாகத் தீங்கற்றது. வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை 8 என்பதே உச்ச அளவு. உடல் மெலிந்தோருக்கும் மது அருந்துவோருக்கும் அதனினுங் குறைவு. ஈரல் இம்மருந்தை மாற்றும்போது ஒரு சிறு பங்கு நஞ்சாகின்றது. ஈரற் கலங்களிலுள்ள குளுற்றாதயோன் என்னும் பொருள் அந்நஞ்சைப் பற்றி அடக்கிவிடும். மாத்திரை மிகுந்தாலோ அப்பொருள் தீர்ந்துபோகும். கிணறு வற்றியபின் கொடி வாடுவதுபோற் கலங்கள் மடியும்.

ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் பொருட்கள் சில தாவரங்களில் உள்ளமையால், அவற்றின் சாறு இக்கேட்டைக் குறைக்குமென ஆய்வாளர் கருதினர். இலங்கையின் ஈரவலயத்தில் வளரும் ஹீன் போவிட்டியா, பரசிற்றமோலின் கேட்டைக் குறைத்ததென 1995 இல் ஆய்வு வெளிவந்தது. கீழ்க்காய்நெல்லியும் எலிகளில் அவ்வாறே பயன் தந்தது. எனினும் இவற்றுட் பல, மருந்துக்கு முன்னரே சாற்றைக் கொடுத்துச் செய்த சோதனைகள். மாத்திரையை மிகையாக விழுங்கிய பின்னர் மனிதரைக் காக்குமென இவை நிறுவவில்லை.

பச்சிலையென்பதனால் மட்டும் ஈரலுக்கு இதமென்று கொள்ளலாகாது. நம் நாட்டு மருத்துவத்தில் வழங்கும் கிலுகிலுப்பையை உணவிற் கலந்து எலிகளுக்குக் கொடுத்தபோது ஈரல் பழுதுற்றதை 1981 இல் வெளியான பேராதனை ஆய்வு காட்டிற்று. பூச்சிநாசினி தெளித்த பாத்தியில் முளைத்த கீழ்க்காய்நெல்லியையும் மருந்துக்கெனப் பிடுங்கலாகாது.

மிகையாக மாத்திரை விழுங்கியவர் முதல் நாளிற் பெரும்பாலும் நலமாகவே தோன்றுவர், சிலர் வாந்தியெடுப்பர். இத்தோற்றத்தை நம்பி வீட்டிற் சாறு பிழிந்து காத்திருப்பதே பெருங்கேடு. குளுற்றாதயோனை மீளப் பெருக்கும் அசிற்றைல் சிஸ்ரீன் என்னும் மாற்று மருந்தை 8 மணித்தியாலத்துக்குள் ஏற்றினால் ஈரல் பெரும்பாலும் தப்பும். ஆகையால் அவரைத் தாமதமின்றிக் களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லல் வேண்டும். விழுங்கிய மாத்திரையின் உறையையும் உடன் எடுத்துச் செல்க. எத்தனை, எந்நேரம் என்பனவே வைத்தியர் முதலிற் கேட்பவை.