கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்து வாங்குங்கள்

"ஏழு பேர் போகிற மாதிரி ஒரு வண்டி வாங்கிவிடலாமா?" கொல்கத்தாவில் உள்ள நம் தமிழ்க் குடும்பங்களில் இன்று அடிக்கடி கேட்கும் பேச்சு இது. பிள்ளைகள் வளர்கிறார்கள், ஊரிலிருந்து பெரியவர்கள் வருகிறார்கள், தீகா, சாந்திநிகேதன், பூரி என்று எல்லோரும் சேர்ந்து போக ஆசை. ஆசை நியாயமானதே. ரயில்வேயில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் காளிகாட் நண்பர்கள் சிலர் என்னிடம் யோசனை கேட்டார்கள். அவர்களிடம் சொன்னதையே இங்கு எழுதுகிறேன்.

நம் பக்கத்து உத்தர்பாராவில் 2014 வரை தயாரான அம்பாசடரில் மூன்றாவது வரிசை கிடையாது. ஆனால் பழைய வண்டிகளில் முன்சீட்டும் பெஞ்சாக இருந்ததால் எட்டுப் பேர்கூட நெருக்கி உட்கார்ந்து போயிருக்கிறோம். பிறகு 2000-இல் குவாலிஸ், 2005-இல் இன்னோவா, 2012-இல் எர்டிகா என்று மூன்று வரிசை வண்டிகள் வந்தன. இன்று கேரன்ஸ், சஃபாரி, டிரைபர் என்று பட்டியல் நீள்கிறது.

இவற்றில் இரண்டு ஜாதி உண்டு. இன்னோவா கிரிஸ்டா, பொலேரோ போன்றவற்றில் அடியில் ஏணி போன்ற சட்டம்; அதன்மேல் உடல். எர்டிகா, கேரன்ஸ், இன்னோவா ஹைகிராஸ் முதலியவற்றில் தரையும் உடலும் ஒரே கூடாகச் சேர்ந்து பாரம் தாங்கும். ரயில் பெட்டியிலும் இதே மாற்றம் நடந்தது. 1955-இல் பெரம்பூரில் தொடங்கிய ஐ.சி.எப். தொழிற்சாலையின் பெயரில் உள்ள 'இன்டக்ரல்' என்ற சொல்லின் பொருளே இதுதான். கரடுமுரடான பாதைக்கும் பெரும் பாரத்துக்கும் ஏணிச் சட்டம் ஏற்றது. நகரத்துக் குடும்பத்துக்கு ஒரே கூடாக அமைந்தது போதும். எடை குறைவு, தரையும் பெரும்பாலும் தாழ்வாக இருக்கும்.

ஷோரூமுக்குப் போனதும் நாம் எல்லோரும் டிரைவர் சீட்டில்தான் முதலில் உட்காருகிறோம். நான் சொல்வது, முதலில் கடைசி வரிசையில் உட்காருங்கள். அதிகப் பணம் கொடுப்பது அந்த வரிசைக்காகத்தானே! ரயிலில் பெட்டியின் நடுவில் படுத்தவருக்கும் சக்கரங்களுக்கு மேலே படுத்தவருக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குத் தெரியும். காரில் மூன்றாவது வரிசை பின்சக்கரங்களை ஒட்டியே அமைகிறது. ஒவ்வொரு குழியும் அங்குதான் அதிகம் தெரியும். ஆகவே டெஸ்ட் டிரைவின்போது மகன் ஓட்டட்டும், நீங்கள் பின்னால் அரை மணி நேரம் உட்காருங்கள். முழங்கால் முன்சீட்டில் இடிக்கிறதா, தலை கூரையில் தட்டுகிறதா, வைகாசி வெயிலுக்கு ஏ.சி. காற்று அங்கே வருகிறதா என்று பாருங்கள்.

அடுத்தது பாதுகாப்பு. பாரத் என்கேப் என்ற நம் நாட்டு மோதல் சோதனை 2023 அக்டோபரில் தொடங்கியது. அந்த விதிமுறைப்படி மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் முன்புற மோதலும், 50 கி.மீ. வேகத்தில் பக்கவாட்டு மோதலும் நடத்துகிறார்கள். பெரியவர் பொம்மைகள் முன்சீட்டில், குழந்தைப் பொம்மைகள் இரண்டாம் வரிசையில். மூன்றாவது வரிசையில் பொம்மை இல்லை. பின்னாலிருந்து மோதும் சோதனையும் அதில் சேரவில்லை. ஐந்து நட்சத்திரம் வாங்கிய வண்டி நல்ல வண்டிதான். ஆனால் அந்த நட்சத்திரம் கடைசி வரிசைக்காரருக்காகக் கொடுத்ததல்ல.

நம் வீடுகளில் கடைசி வரிசைக்கு யாரை அனுப்புகிறோம்? குழந்தைகளை! அவர்கள் தலைக்கும் பின்கண்ணாடிக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லாத வண்டிகள் உண்டு. குழந்தைகளை இரண்டாம் வரிசையில் வையுங்கள். பின்னால் திடகாத்திரமான பெரியவர் போகட்டும். ஒவ்வொரு இருக்கைக்கும் தோள்வழி வரும் மூன்றுமுனை பெல்ட்டும், உயர்த்தக்கூடிய தலைத்தாங்கியும் இருக்கிறதா என்று பாருங்கள். 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பின்சீட்டில் பயணம் செய்தபோது விபத்தில் இறந்தார். அவர் பெல்ட் அணிந்திருக்கவில்லை என்று காவல்துறை கூறியது. பின்சீட்டுக்கும் பெல்ட் கட்டாயம் என்பதை மறக்கக் கூடாது.

மூன்றாவது விஷயம் பாரம். சரக்கு வாகனில் வெறும் எடையும் ஏற்றும் அளவும் பக்கத்திலேயே எழுதியிருக்கும். காரில் நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏழு பேர், தலைக்கு 65 கிலோ என்றால் 455 கிலோ. நான்கு பெட்டிகள் சேர்ந்தால் 530-ஐத் தாண்டும். அந்தப் பெட்டிகளை எங்கே வைப்பது? மூன்று வரிசையும் நிமிர்ந்திருக்கும்போது டிரைபரில் 84 லிட்டர், எர்டிகாவில் 209 லிட்டர்தான் இடம். நடுத்தரப் பெட்டி ஒன்றே 65, 70 லிட்டர் பிடிக்கும். கோரமண்டலில் வந்திறங்கும் சம்பந்தி குடும்பத்தை மூட்டை முடிச்சுகளோடு ஒரே நடையில் அழைத்து வர முடியாது என்று இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

நம் ஊருக்கென்று சில கவலைகள் உண்டு. எர்டிகாவின் நீளம் சுமார் 4.4 மீட்டர், ஹைகிராஸ் 4.75 மீட்டர். காளிகாட் சந்துகளில் இது பெரிய வித்தியாசம். நிறுத்தும் இடத்தை டேப் பிடித்து அளந்துவிட்டு ஷோரூமுக்குப் போங்கள். 2025 செப்டம்பர் 23 அன்று 250 மி.மீ.க்கு மேல் கொட்டிய மழையை நாம் மறக்கவில்லை. உயரமான வண்டியானாலும் காற்று இழுக்கும் குழாய் வழியே தண்ணீர் புகுந்தால் இன்ஜின் போய்விடும். தண்ணீரில் நின்றுபோன வண்டியைத் திரும்ப ஸ்டார்ட் செய்யாதீர்கள். இன்ஷூரன்ஸில் இன்ஜின் பாதுகாப்புக்குத் தனியாகக் கட்டுங்கள்.

வரியையும் கவனியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்கு உட்பட்ட சிறிய இன்ஜின் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், மற்ற பெட்ரோல், டீசல் கார்களுக்கு 40. மூன்று வரிசை வண்டிகளில் பெரும்பாலானவை இரண்டாம் வகை. டிரைபர் நான்கு மீட்டருக்குள் அடங்குவதால் முதல் வகை.

எங்கள் வீட்டில் நாங்கள் ஏழு பேர். என் தாயாருக்கு 86 வயது, உயரமான எஸ்.யு.வி.யில் அவரை இரண்டு பேர் தூக்கிவிட வேண்டியிருந்தது. காலண்டரை வைத்துக்கொண்டு எண்ணினோம். எழுவரும் சேர்ந்து வெளியே போன நாட்கள் சென்ற ஆண்டில் பதினொன்று. தாழ்வான தரையுள்ள ஐந்து இருக்கை வண்டியை வாங்கினோம். அந்தப் பதினொரு நாட்களுக்கு டிரைவரோடு பெரிய வண்டியை வாடகைக்கு எடுக்கிறோம். என் மகனும் வழியில் தூங்க முடிகிறது.

வாரந்தோறும் ஆறு ஏழு பேர் சேர்ந்து போகும் குடும்பங்களுக்கு மூன்றாவது வரிசை அவசியம்தான், தாராளமாக வாங்குங்கள். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன், அந்த வரிசையில் யார் உட்காரப் போகிறாரோ அவரையும் ஷோரூமுக்கு அழைத்துச் சென்று உட்கார வைத்து, அவர் சம்மதம் கேட்டு வாங்குங்கள்.