பத்துப் பேருக்கு எழுதவும்

என் தாய் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். அவள் வாழ்நாளில் எழுதிய மிக நீண்ட எழுத்து வேலை எது தெரியுமா, நண்பர்களே? பத்து அஞ்சலட்டைகள்! சாமியின் பெயரைச் சொல்லிப் பாட்டிக்கு ஒரு கடிதம் வந்ததாம். அதையே பத்துப் பேருக்கு எழுதினால் நன்மை வரும், கிழித்துப் போட்டால் கேடு சூழும் என்று அதில் கண்டிருந்ததாம். எழுத்தறியாத பாட்டி, களையெடுத்த கூலியில் கார்டுகள் வாங்கி, மகளை உட்கார வைத்து எழுதச் செய்தாள். “கடைசிக் கார்டு எழுதுறப்ப விரலே மரத்துப் போச்சுடா” என்று அம்மா இன்றும் சிரிப்பாள்.

இணையத்தில் ‘வைரல்’ என்று நாம் பேசுவதன் மூதாதை இந்தக் கார்டுதான் என்பது என் கருத்து. விலங்கியல் மாணவனாகிய எனக்கு இதில் சற்று உரிமையும் உண்டு. ‘மீம்’ என்ற சொல்லைப் படைத்தவரே ஒரு விலங்கியலாளர்தாம். ரிச்சர்டு டாக்கின்ஸ் 1976-இல் ‘தி செல்ஃபிஷ் ஜீன்’ என்ற நூலில், மரபணு உடலுக்கு உடல் நகலாவது போல, ஒரு ராகமோ நம்பிக்கையோ மூளைக்கு மூளை நகலாகிறது என்றார். ‘போலச் செய்தல்’ என்னும் பொருளுடைய கிரேக்க வேரைச் சுருக்கி, ‘ஜீன்’ என்பதோடு ஒலி ஒத்து வரும்படி ‘மீம்’ என்று பெயரிட்டார். அவ்வாறு நகலாவதற்குச் செய்தி உண்மையாக இருக்க வேண்டியதில்லை. நகலெடுக்கத் தூண்டினால் போதும். பாட்டியின் கார்டில் அந்தத் தூண்டுகோல் அச்சம்.

சிரிப்பும் அவ்வேலையைச் செய்யும். 2019 மே மாதம் முகநூலின் பொறியியல் பக்கமொன்றில் சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டிருந்தார்கள். நம்மவர் ஒருவர், இது காண்டிராக்டர் நேசமணியின் தலையில் விழுந்த கருவி என்று பதில் எழுதினார். 2001-இல் வந்த ‘பிரண்ட்ஸ்’ படத்தில் வடிவேலு ஏற்ற வேடம் என்பதை அறியாத அயல்நாட்டாரும் நேசமணியின் உடல்நலம் விசாரித்தார்கள்! பிரதமர் பதவியேற்பு நடந்த அதே நாள்களில் டிவிட்டரில் நேசமணிக்கான பிரார்த்தனை கொடிகட்டிப் பறந்தது. அதனால் யாருக்கும் கேடில்லை.

அதற்கு முந்தைய ஆண்டில் நடந்தது வேறு. 2018-இல் நான் பள்ளிச் சிறுவன். பிள்ளை பிடிப்பவர்கள் நடமாடுவதாக அப்பாவின் கைபேசிக்குச் செய்தி வந்தது. வீட்டில் அதை இயக்கத் தெரிந்தவன் நான் ஒருவனே. “சித்திக்கும் அனுப்பிடுடா” என்றாள் அம்மா. சித்தி, மாமா, தெரிந்த அத்தனை பேருக்கும் அனுப்பினேன். விரல் மரக்கவில்லை. அந்த மே மாதம் 9-ஆம் நாள் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்கு வழி கேட்டு வந்த குடும்பத்தைப் பிள்ளை பிடிப்பவர்களென நினைத்து ஊரார் அடித்ததில் ஒரு மூதாட்டி இறந்தார். குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததே அவர்கள் செய்தது. நான் அனுப்பிய செய்தி அந்த ஊருக்குப் போயிருக்காது. ஆனால் போகவில்லையென்று எப்படிச் சொல்வேன்?

அவ்வாண்டு இந்தியாவில் சுற்றிய கடத்தல் காட்சிகளுள் ஒன்று, கராச்சியில் பெற்றோரை எச்சரிக்க எடுத்த விழிப்புணர்வுப் படம். தூக்கிச் சென்ற குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விடும் முடிவை எவரோ வெட்டிவிட்டிருந்தனர். உயிரியலில் இதைச் சடுதிமாற்றம் என்போம்; வால் அறுந்த படமே பிழைத்துப் பெருகியது.

ஒருவர் பத்துப் பேருக்கு என்று போனால் ஆறாவது படியில் பத்து லட்சம். கார்டுக் காலத்தில் அவ்வளவு தூரம் போகவிடாமல் தடுத்தவை கூலியும் விரல்வலியும். 2018 ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில், வந்த செய்தியை ஒரே தடவையில் ஐந்து இடங்களுக்கு மேல் தள்ள முடியாதபடி செய்தது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு தடவைக்கு ஓர் இடத்துக்கு மட்டும் என்றாக்கியது. பாட்டி காலத்து விரல்வலியை இயந்திரத்துக்குள் திரும்ப வைத்தார்கள் என்றே எனக்குப் படுகிறது.

இனி வெட்டி ஒட்டவும் வேண்டாம். நடவாத காட்சியையும் பேசாத குரலையும் கணிப்பொறியே உண்டாக்கித் தருகிறது. “படமே இருக்கே!” என்ற வாதம் இனிச் செல்லாது, எங்கள் தெருவில் இன்னும் செல்கிறது.

சென்ற வாரம் அம்மா கைபேசியை நீட்டி, “நீதான் காலேஜ் படிக்கிறவனாச்சே, இது நிசமாடா?” என்றாள். ஏதோ கஷாயம் சர்க்கரை வியாதியை அடியோடு தீர்க்குமாம், மாத்திரையை நிறுத்திவிடலாமாம். அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. பொய் என்றேன். அவளோ அதற்குள் நான்கு பேருக்கு அனுப்பியிருந்தாள். இருவரும் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொன்னோம். மூன்று பேர் கேட்டுக்கொண்டார்கள். பெரியம்மா மட்டும் காலையிலேயே தன் மகளிர் குழுவில் போட்டுவிட்டாளாம்.