'டாக்டர் ஹூ' கிளைமாக்ஸ்: புது டாக்டரா, பழைய ரோஸா? ரசிகர்கள் கொதித்தது ஏன்?

தமிழ் சீரியல் பார்ப்பவர்களுக்கு இது நல்லாவே பழக்கமான காட்சி. நேற்று வரை ஒருவர் நடித்த வேடத்தில் இன்று வேறொருவர் வந்து நிற்பார். 'இவருக்குப் பதில் இவர்' என்று திரையில் ஒரு வரி வரும். கதை அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

பிரிட்டனின் பிபிசி தொடரான 'டாக்டர் ஹூ' இதையே கதையாக மாற்றிக்கொண்டது. அதன் ஹீரோ சாகப்போகும் நேரத்தில் உடம்பு முழுக்க ஒளி வெடிக்கும், அடுத்த நொடி வேறு முகத்தோடு எழுந்து நிற்பார். ஒவ்வொரு முறையும் ரசிகர்கள் அழுவார்கள், புது முகத்தைத் திட்டுவார்கள், பிறகு அவரையே கொண்டாடுவார்கள். ஆனால் 2025 மே 31-ம் தேதி ஒளிபரப்பான 'தி ரியாலிட்டி வார்' என்ற சீசன் கடைசி எபிசோட் இந்த வழக்கத்தையே குழப்பிவிட்டது.

அப்படி என்னதான் நடந்தது? (கதையின் முடிவு இதில் இருக்கிறது. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரவும்!)

யார் இந்த டாக்டர்?

டாக்டர், வேற்றுக்கிரகத்தைச் சேர்ந்த 'டைம் லார்ட்'. வெளியே பார்த்தால் நீல நிற போலீஸ் பெட்டி, உள்ளே போனால் பிரம்மாண்டம். அந்த 'டார்டிஸ்' என்ற கலத்தில் ஏறிக் காலத்துக்குள்ளும் விண்வெளியிலும் சுற்றுவார். கூடவே பெரும்பாலும் ஒரு சாதாரண மனிதரும் பயணம் செய்வார்.

தொடர் தொடங்கியது 1963 நவம்பர் 23-ல். முதல் டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெலுக்கு உடல்நிலை மோசமானதால், 1966-ல் பேட்ரிக் ட்ரௌட்டனை உள்ளே கொண்டுவந்தார்கள். அதற்குச் சொன்ன காரணம்தான் உருமாற்றம். 1989-ல் தொடர் நின்றுபோனது. நடுவில் 1996-ல் ஒரே ஒரு டிவி படம் வந்தது, அவ்வளவுதான்.

2005-ல் எழுத்தாளர் ரஸ்ஸல் டி டேவிஸ் மறுபடியும் உயிர் கொடுத்தார். கிறிஸ்டோபர் எக்கிள்ஸ்டன் ஒன்பதாவது டாக்டர், பில்லி பைப்பர் அவருடன் பயணிக்கும் ரோஸ் டைலர். பிரிட்டனில் மட்டும் 1 கோடிக்கும் அதிகமானோர் முதல் எபிசோடைப் பார்த்தார்கள். இந்தப் பில்லி பைப்பர் பெயரை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிளைமாக்ஸில் நடந்தது என்ன?

ருவாண்டாவில் பிறந்து ஸ்காட்லாந்தில் வளர்ந்த ஷூட்டி கட்வாதான் 15-வது டாக்டர். தொடரின் முழுநேர ஹீரோவான முதல் கறுப்பின நடிகர். இந்த சீசனில் அவருடன் பயணித்தவர் பெலிண்டா சந்திரா என்ற லண்டன் நர்ஸ். நடித்தவர் வரதா சேது, கேரளத்தில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்தவர்.

கடைசி எபிசோடில் உலகம் காப்பாற்றப்படுகிறது. ஆனால் பொய்யான உலகில் பிறந்த பாப்பி என்ற குழந்தை மட்டும் மறைந்துபோகிறது. அந்த ஒரு குழந்தையை மீட்க டாக்டர் தன் உயிரையே செலவழிக்கிறார். குழந்தை திரும்பி வருகிறது, டாக்டர் உருமாறுகிறார். ஒளி அடங்கியதும் தெரியும் முகம்... பில்லி பைப்பர்! 20 வருடங்களுக்கு முன்பு ரோஸாக வந்த அதே நடிகை.

கோபம் 1: பெலிண்டாவுக்கு இப்படியா முடிவு?

முதல் எபிசோடிலேயே, தன்னிடம் கேட்காமல் தன் டிஎன்ஏ-வைப் பரிசோதித்த டாக்டரை நேருக்கு நேர் கேள்வி கேட்டவர் பெலிண்டா. 'நான் வீட்டுக்குப் போகணும், வேலைக்குப் போகணும்' என்பதுதான் சீசன் முழுக்க அவர் கோரிக்கை. இந்த சுயமரியாதைக்காகவே ரசிகர்களுக்கு அவரைப் பிடித்தது.

முடிவில் உலகமே கொஞ்சம் மாற்றி எழுதப்பட, பெலிண்டா ஆரம்பத்திலிருந்தே பாப்பியின் அம்மா என்று ஆகிவிடுகிறது. வீட்டுக்குப் போகத் துடித்ததும் குழந்தைக்காகத்தான் என்று பழைய காட்சிகளே மாற்றிக் காட்டப்படுகின்றன. அவருக்கு இதெல்லாம் நினைவிலும் இல்லை, அவரிடம் யாரும் சம்மதமும் கேட்கவில்லை. சம்மதம் கேட்காததற்காகச் சண்டை போட்ட பெண்ணுக்கே இப்படியா என்பதுதான் பலரின் கேள்வி.

கோபம் 2: பில்டப் பெருசு, விஷயம் சிறுசு

1985-ல் அறிமுகமான 'ராணி' என்ற வில்லியை இத்தனை வருடம் கழித்து ஆர்ச்சி பஞ்சாபி நடிப்பில் கொண்டுவந்தார்கள். 1973-ல் வந்த வில்லன் ஓமேகாவும் திரும்பினார். கடைசியில் ஓமேகா ராணியை விழுங்க, டாக்டர் ஓமேகாவைச் சில நிமிடங்களில் விரட்டிவிட, இரண்டு பேர் கதையும் முடிந்தது.

இதைவிடப் பெரிய ஏமாற்றம் சூசன். 1963-ல் டாக்டரின் பேத்தியாக நடித்த கரோல் ஆன் ஃபோர்டை இதே சீசனில் சில நொடிகள் காட்டி ரசிகர்களை உருக வைத்தார்கள். கிளைமாக்ஸில் தாத்தாவும் பேத்தியும் சந்திப்பார்கள் என்று காத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது ஒன்றுமே இல்லை.

கோபம் 3: இவர் டாக்டரா, இல்லையா?

பழைய நடிகர் திரும்புவது புதுசு இல்லை. பத்தாவது டாக்டரான டேவிட் டெனன்ட் 2023-ல் 14-வது டாக்டராகவும் வந்தார். இரண்டே வருடத்தில் இன்னொரு பழைய முகமா, புதுசாக யோசிக்க ஆளே இல்லையா என்று ஒரு தரப்பு கடுப்பானது.

அதோடு ஒரு சின்ன விஷயத்தையும் கழுகுக் கண்ணர்கள் பிடித்துவிட்டார்கள். வழக்கமாகப் புது ஆள் வந்தால், டைட்டிலில் 'டாக்டராக' இன்னார் அறிமுகம் என்று போடுவார்கள். இந்த முறை பில்லி பைப்பர் அறிமுகம் என்று மட்டும்தான் இருந்தது. 'டாக்டராக' என்ற வார்த்தை மிஸ்ஸிங்!

ரசித்தவர்களும் உண்டு

எல்லோருமே திட்டவில்லை. உலகத்தைக் காப்பாற்றிய பிறகும், ஒரே ஒரு குழந்தைக்காக உயிரைக் கொடுப்பதுதான் டாக்டர் என்று நெகிழ்ந்தவர்கள் ஏராளம். 2005-ல் ஒன்பதாவது டாக்டர் உயிர் கொடுத்தது ரோஸைக் காப்பாற்றத்தான். அந்த முகமே டாக்டருக்கு வந்தது அழகான வட்டம் என்கிறார்கள் இவர்கள். கட்வாவின் நடிப்பைக் குறை சொன்னவர்கள் குறைவு. இரண்டு சீசன், 16 எபிசோட், சில ஸ்பெஷல்களோடு அவர் கிளம்பிவிட்டாரே என்பதுதான் பலருக்கு வருத்தம்.

உண்மையான பயம் எது?

உருமாற்றக் காட்சி ரசிகர்களுக்குக் கொடுக்கும் ஆறுதல் ஒன்றுதான்: பிடித்த ஆள் போனாலும், அடுத்தவர் இதோ வந்துவிட்டார், கதை தொடரும். இந்த முறை அந்த ஆறுதல் கிடைக்கவில்லை. எபிசோட் முடிந்தபோது அடுத்த சீசன் உண்டா என்ற அறிவிப்பே இல்லை. பிரிட்டன், அயர்லாந்துக்கு வெளியே தொடரை ஒளிபரப்பிய டிஸ்னி பிளஸ் பணம் போடுமா என்பதும் தெரியவில்லை. பார்வையாளர் எண்ணிக்கையோ 2005-ல் இருந்ததில் பாதிகூட இல்லை.

தொடர் ஒருமுறை நின்றுபோனதைப் பார்த்தவர்கள் இந்த ரசிகர்கள். பிபிசி பழைய டேப்புகளை அழித்ததில் 90-க்கும் மேற்பட்ட எபிசோட்களின் காட்சிகள் இன்றும் கிடைக்கவில்லை. ஆனால் அவற்றின் ஒலி முழுசாக இருக்கிறது. காரணம், அந்தக் காலத்தில் வீட்டில் டிவி முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்த ரசிகர்கள். 1989-க்குப் பிறகு நாவல்களாகவும் ஒலி நாடகங்களாகவும் டாக்டரை உயிரோடு வைத்திருந்ததும் ரசிகர்கள்தான். 1996-ல் அப்படி ஒரு நாவல் எழுதியவர்தான் ரஸ்ஸல் டி டேவிஸ். இப்போது திட்டு வாங்குவதும் அவரே.

அடுத்து என்ன?

2025 அக்டோபரில் பிபிசி மௌனம் கலைத்தது. டிஸ்னியுடனான கூட்டணி முடிந்தது, ஆனால் 'டாக்டர் ஹூ' பிபிசியில் தொடரும், டேவிஸ் எழுதும் ஸ்பெஷல் எபிசோட் 2026 கிறிஸ்துமஸுக்கு வரும் என்று அறிவித்தது.

அதாவது, பில்லி பைப்பரின் அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் தெரிய ஒன்றரை வருடத்துக்கும் மேல் காத்திருப்பு. ஆனால் 1989-லிருந்து 2005 வரை 16 வருடம் காத்திருந்த கூட்டம் இது. திட்டிக்கொண்டே இதற்கும் காத்திருப்பார்கள்.